மறைசாட்சியர் தலங்களும் ஊர்ப்பொதுமையும்

சேதுநாட்டு ஓரியூரில் அருளானந்தர் தலத்திற்குச் செல்வோர் முடியிறக்குகின்றனர்; ஆடு வெட்டுகின்றனர்; அதனைச் சமைத்து அசனம் இடுகின்றனர்; அங்குள்ள செம்மண்ணை முடிந்துகொண்டு ஊர் திரும்புகின்றனர். இவற்றைச் செய்வோருள் கத்தோலிக்கரும் உளர். கத்தோலிக்கர் அல்லாதாரும் உளர். இக்காட்சியைக் கண்டு எழுதுவோர் சிலர் ஒரு முடிவினை எளிதிற் கூறிவிடுவர். இது நடுகல் வழிபாட்டின் எச்சம். பழந்தமிழர் தம் வீரனுக்குச் செய்ததை அவர்தம் வழிவந்தோர் மேலைநாட்டுக் குரவர் ஒருவருக்குச் செய்கின்றனர். பெயர் மாறியதேயன்றிப் பொருள் மாறவில்லை என்பதே அம்முடிவு. தமிழ்ப்பற்றுடையார்க்கு இது உவப்பான முடிவுதான். ஆயினும், அது உண்மையா என்பதைக் காட்டிலும், உண்மையேயாயினும் அது எதனை விளக்குகின்றது என்னும் வினாவே ஆய்வாளன் முதற்கண் எழுப்பற்பாலது. எச்சம் என்று பெயரிட்ட அளவில் ஆராய்ச்சி முடிந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். எஞ்சியது ஏன் எஞ்சியது, எவர் கையில் எஞ்சியது, எவர்க்குப் பயன்பட எஞ்சியது என்பன கேட்கப்படாமலே போகின்றன.

இப்பிழை தமிழக ஆய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. உரோமப் பேரரசில் 4, 5ஆம் நூற்றாண்டுகளில் மறைசாட்சியர் தலங்கள் பெருகியதனை விளக்கப் புகுந்த மேலைநாட்டு அறிஞரும் நெடுங்காலம் இவ்வாறே எழுதிவந்தனர். கற்றோர் சமயம் ஒன்று, கல்லாதார் சமயம் மற்றொன்று. கல்லாதார் திரள்திரளாகத் திருச்சபையுட் புகுந்தபோது தம் பழைய தேவர்களையும் உடன்கொணர்ந்தனர். ஆயர்கள் வேறு வழியின்றி அத்தேவர்களுக்குப் புனிதர் பெயரைச் சூட்டினர் என்பது அவர் கொள்கை. 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் சமயத்தின் தோற்றம் பற்றி எழுதிய நூலில் இதன் வேரைக் காணலாம். 1981இல் புனிதர் வழிபாட்டின் எழுச்சி பற்றி நூல் எழுதிய பீட்டர் பிரௌன் இக்கொள்கையை மறுத்தார். பிணத்தைத் தீட்டென்று ஊர்ப்புறத்தே ஒதுக்கி வைத்த ஒரு நாகரிகம், அதே பிணத்தின் எலும்பை ஊர்நடுவே பலிபீடத்தின் கீழ்க் கொணர்ந்து வைத்தது. இதனை எச்சம் என்பது எங்ஙனம் பொருந்தும், தலைகீழ் மாற்றம் அன்றோ என்று அவர் காட்டினார்.

பிரௌன் கூற்றில் எனக்குப் பெரிதும் உடன்பாடே. ஒரு குறையும் உண்டு. அவர் தலங்களைப் பெரும்பாலும் ஆயர்களின் கண்கொண்டே நோக்குகின்றார். புனிதரைப் பெருங்குடிக் காவலராகவும் அடியாரை அவரை அண்டி வாழ்வோராகவும் அவர் தீட்டும் ஓவியம் உரோமச் சமுதாயத்திற்கு ஒத்ததே. ஆனால், தலங்களைப் பற்றி வழங்கிய கதைகளையும் பாடல்களையும் இலக்கியமாகக் கொண்டு படிப்பவனுக்கு வேறொன்றும் புலப்படும். புனிதர் எவருக்கு அருள்கின்றார் என்பதை அனைவரும் கேட்டுள்ளனர். அவர் எவரைத் தண்டிக்கின்றார் என்பதையும் கேட்டல் வேண்டும். நான் இங்கு எடுத்துக்கொள்ளும் கதைகளில் தண்டிக்கப்படுபவன் வேற்றுச் சமயத்தானும் அல்லன், நம்பிக்கையற்றவனும் அல்லன். பொதுவில் வைக்கப்பட்டதைத் தனதாக்கிக் கொண்டவனே அவன்.

சொல்லிலிருந்து தொடங்குதல் தமிழாசிரியர் வழக்கம். கிரேக்கத்தில் 'மார்த்திஸ்' என்றால் சாட்சி. வழக்குமன்றத்தில் கண்டது கூறுபவன். முன்னையோர் வேதசாட்சி என்றும் இரத்தசாட்சி என்றும் வழங்கினர். இக்காலத்தார் மறைசாட்சி என்பர். மூன்று ஆக்கங்களிலும் சாட்சி என்னும் சொல் தங்கிவிட்டமை நல்லூழே. ஏனெனில், வீரன் என்றோ தியாகி என்றோ மொழிபெயர்த்திருந்தால், இறந்தவன் செய்த செயல் முன்னிற்கும். சாட்சி என்னும்போதோ, கேட்பவர் கூட்டம் ஒன்று வேண்டப்படுகின்றது. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னா நகரில் எரியுண்ட முதிய ஆயர் பொலிக்கார்ப்பின் வரலாற்றை அந்நகரத்தார் கடிதமாக எழுதி அயலூர்ச் சபைகளுக்கு அனுப்பினர். அவருடைய எலும்புகளைப் பொறுக்கி ஓரிடத்தில் வைத்ததையும், ஆண்டுதோறும் அவர் இறந்த நாளைப் பிறந்தநாளாகக் கொண்டு அங்குக் கூட விழைந்ததையும் அக்கடிதம் கூறுகின்றது. எலும்பு, நாள், கூட்டம், அயலூரார்க்கு ஓலை ஆகிய நான்கும் அன்றே அமைந்துவிட்டன.

நடுகல்லோடு இதனை ஒப்பிடுவோர் வேறுபாட்டையும் அளந்து காணல் வேண்டும். தொல்காப்பியர் புறத்திணையியலில் காட்சி முதலாக வாழ்த்து ஈறாகக் கல் நாட்டும் படிமுறைகளைத் தொகுத்துரைத்தார். புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கற்களும், 1972இல் தொகுத்து வெளியிடப்பட்ட செங்கம் நடுகற்களும் அம்மரபின் நீட்சியை நமக்குக் காட்டின. நிரை மீட்கப் போரிட்டு வீழ்ந்தவனுக்கு அவனுடைய ஊரும் உறவும் கல்லெடுத்தன. கையில் படையோடு இறந்தவன் அவன். இறந்தபின்னும் அவனுக்கு உரியோர் உளர். மறைசாட்சியோ படையின்றி இறந்தவன். நாட்டை ஆள்வோர் ஆணையால், குற்றவாளி என்னும் பெயரோடு கொல்லப்பட்டவன். அவனை அவனுடைய சுற்றத்தாரே பலகால் கைவிட்டனர். ஆகவே அவனுடைய கல்லறைக்குக் குருதியுறவால் உரிமை கூறுவார் இலர். உரியோர் இல்லாத கல்லறை எவர்க்கும் உரியதாகலாம். எவரும் அதனைக் கைப்பற்றவும் செய்யலாம். மறைசாட்சியர் தலங்களின் சமுதாய வரலாறு முழுவதும் இவ்விரண்டற்கும் இடையே நிகழ்ந்த இழுபறியே என்பது என் துணிபு.

ஒப்புமை வேண்டின், நடுகல்லை விட அண்மையில் நிற்பவை மதுரைவீரன், காத்தவராயன் போன்றோர் கதைப்பாடல்களாம். அவர்களும் ஆள்வோரால் கொலையுண்டவர்கள். அவர்கள் மீது சுமத்தப்பட்ட பழியில் சாதி வரம்பு கடந்த காதலும் உண்டு. எனினும் அவர்களை வழிபடுவதில் அச்சம் ஒரு பங்கு. சினந்து மீளும் ஆவியைத் தணிவித்தல் வேண்டும். கொன்றவர்க்காக வேண்டிக்கொண்டு இறந்தவனைத் தணிவிக்க வேண்டுவதில்லை. இவ்வேறுபாடு ஆடு கொண்டுவரும் ஒவ்வோர் உழவனுக்கும் தெளிவாக இருக்கும் என்று நான் கூறவில்லை.

இனி மிலான் நகருக்குச் செல்வோம். அகுஸ்தினார் தம் ஒப்புதல் நூலின் 6ஆம் பகுதியில் அன்னை மோனிக்கா பற்றி ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். ஆப்பிரிக்காவில் தாம் பழகியவாறே அவ்வம்மையார் மறைசாட்சியர் நினைவிடங்களுக்குக் கஞ்சியும் அப்பமும் திராட்சைமதுவும் கொண்டு செல்கின்றார். வாயில்காப்போன் தடுக்கின்றான், ஆயர் அம்புரோசியார் அதனை விலக்கியுள்ளார் என்கின்றான். குடிப்போர்க்கு அது வாய்ப்பாகும் என்பதும், புறச்சமயத்தார் தம் முன்னோர்க்குப் படைக்கும் சடங்கை ஒத்தது என்பதும் விலக்கின் காரணங்கள். அம்மையார் மறுசொல் இன்றிப் பணிந்தார். பின்னர்த் தம்மால் இயன்றதை ஏழையர்க்கு ஈந்தார் என்று மகனார் போற்றுகின்றார். பலரும் இப்பகுதியைப் பணிவுக்குச் சான்றாகவே காட்டுவர். எனக்கோ, அவ்வம்மையார் கையிலிருந்த கிண்ணத்தைப் பற்றிய குறிப்பே மனத்தில் நிற்கின்றது. ஒரே ஒரு சிறு கிண்ணம். அதில் நீர் மிகக் கலந்த மது. எத்தனை நினைவிடங்கள் உண்டோ அத்தனைக்கும் அதனையே ஏந்திச் சென்று, உடன் இருப்போர்க்கும் சிறிது சிறிதாகப் பகிர்ந்தளிப்பது அவர் வழக்கம். உண்பது பெரிதன்று, பகிர்வதே பெரிது. எதை விலக்குகிறோம் என்பதை ஆயர் முழுதும் அறிந்திருந்தாரா என்று ஐயுறத் தோன்றுகின்றது.

ஆயினும் ஆயர் பக்கத்திலும் நியாயம் உண்டு. கார்த்தேசு நகரில் லூசில்லா என்னும் செல்வப் பெருமாட்டி ஒருத்தி, மறைசாட்சி ஒருவருடையது என்று சொல்லப்பட்ட எலும்பொன்றைத் தன்னிடம் வைத்திருந்து, திருவிருந்து கொள்ளுமுன் அதனை முத்தமிடும் வழக்கமுடையவளாக இருந்தாள். செசிலியான் என்னும் தலைமைத் திருத்தொண்டர் அதனைக் கண்டித்தார். அவர் பின்னர் ஆயரானபோது, எதிர்த்து நின்ற கட்சிக்கு லூசில்லாவின் செல்வம் துணைநின்றது. ஆப்பிரிக்கத் திருச்சபை இரண்டாகப் பிளந்ததற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. எலும்பைச் செல்வர் தம் பேழையுள் வைத்துக்கொள்ளலாம் என்றால், கல்லறை ஏழைக்கு இல்லையாகும். 386இல் தெயொதோசியுப் பேரரசர் விதித்த சட்டம், புதைத்த உடலை இடம்பெயர்த்தலாகாது, மறைசாட்சியை விற்றலும் விலைபேசுதலும் ஆகா என்கின்றது. விலைபேசினர் என்பதற்கு அச்சட்டமே சான்று. அதே ஆண்டில் அம்புரோசியாரே கெர்வாசு, புரோத்தாசு என்னும் இருவர் உடல்களை அகழ்ந்தெடுத்துத் தாம் கட்டிய பேராலயத்திற்கு மாற்றினார் என்பதையும் மறத்தலாகாது! 401இல் கார்த்தேசில் கூடிய ஆயர்கள், வயல்களிலும் வழிகளிலும் எலும்பின்றி எழுப்பப்பட்ட நினைவுமேடைகளை இடிக்க வேண்டும் என்று விதித்தனர். மக்கள் கலகம் செய்வராயின் இடிக்காமல் அறிவுரை கூறுக என்றும் சேர்த்துக்கொண்டனர். நம் தென்பாண்டிக் குருசடிகளை அறிந்தார்க்கு இவ்விதியின் பின்பகுதி நகை விளைக்கும்.

நோலா நகரத்துப் பவுலினார் வேறு வழியை மேற்கொண்டார். கவிஞர் என்ற முறையில் அவரை நாம் சற்று விரிவாக ஆராய்தல் தகும். போர்தோ நகரத்துப் பெருங்குடியிற் பிறந்து, காம்பானியா நாட்டின் ஆளுநராயிருந்து, செல்வத்தைத் துறந்து, 395இல் நோலாவில் பெலிக்சு என்னும் புனிதரின் கல்லறையருகே குடியேறியவர் அவர். பெலிக்சு கொலையுண்டவர் அல்லர். துன்புறுத்தப்பட்டும் இயல்பாக இறந்தவர். எனினும் குருதி சிந்தாத மறைசாட்சி என்று பவுலினார் அவரைக் கொண்டாடினார். ஆண்டுதோறும் சனவரி 14ஆம் நாள், புனிதரின் விழாவுக்கென ஒரு பாட்டு இயற்றுவது அவர் நியமம். அப்பாடல்கள் இலத்தீன் அறுசீர் யாப்பில், கற்றோர் போற்றும் வெர்ஜிலின் நடையில் அமைந்தவை. ஆனால் அவற்றுள் வருவோர் யாவர்? எருதைத் தொலைத்த உழவன்; நேர்ந்துவிட்ட பன்றியை ஓட்டிவரும் சிற்றூரார்; இரவெல்லாம் உண்டு குடித்து விழித்திருக்கும் கூட்டத்தார். மக்கள் உண்பதை அவர் விலக்கவில்லை. கோயிற் சுவர்களில் திருநூற் காட்சிகளைத் தீட்டுவித்தார். படம் பார்த்துக் கொண்டிருந்தால் குடிக்கும் நேரம் சுருங்கும் என்பது அவர் கணக்கு. இதனைப் பாட்டிலேயே ஒளிக்காமல் கூறியுள்ளார். ஆட்சியில் இருந்து பழகியவர் அல்லரோ!

அவருடைய பாடல்களுள் ஒன்றில் பன்றிக் கதைகள் வருகின்றன. ஒருவன் பெலிக்சுக்கு ஒரு பன்றியை நேர்ந்து வளர்த்தான். விழாவில் அதனை வெட்டினான். தலையையும் உட்குடலையும் ஏழையர்க்கு அளித்துவிட்டு, நல்ல இறைச்சி முழுவதையும் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு வீடு நோக்கிப் புறப்பட்டான். நகர் எல்லை நீங்கிச் சிறிது தொலைவே சென்றிருப்பான், குதிரையினின்று வீழ்ந்தான், கால்கள் நிலத்தில் ஊன்ற மறுத்தன. பிறர் தூக்கிக்கொண்டு வந்து கல்லறை முன் கிடத்தினர். தன் குற்றத்தை உணர்ந்து, எஞ்சிய இறைச்சியை எல்லாம் ஏழையர்க்குப் பகிர்ந்தளிக்கச் செய்த பின்னரே எழுந்து நடந்தான்.

இக்கதையை எச்சக் கொள்கையினர் படித்தால், பலியிடுதல் என்னும் பழைய வழக்கம் தொடர்கின்றது என்று குறித்துக்கொண்டு அடுத்த பக்கம் செல்வர். கதையின் உயிர்நிலை அதுவன்று. வெட்டியது குற்றமாகவில்லை. பங்கு தவறியதே குற்றமாயிற்று. தலையும் குடலும் போதும் என்று ஏழையின் பங்கை அளந்தவன் வீழ்கின்றான். ஓர் ஆண்டின் நடுவில் இறைச்சியையே காணாத கூலியாளர், அந்த ஒரு நாளில் நல்ல துண்டுக்கு உரிமையுடையவர் என்பதைப் புனிதர் குதிரையைத் தடுத்து நிலைநாட்டுகின்றார். இக்கதையை அங்குக் கூடிய கூட்டத்திற்கு முன்னேதான் பவுலினார் பாடினார். கேட்டோருள் நேர்த்திப் பன்றி கொண்டுவந்தவரும் இருந்திருப்பர். பங்குக்குக் காத்திருந்தவரும் இருந்திருப்பர். அவ்விரு திறத்தார் செவியிலும் அப்பாட்டு ஒன்றுபோல் ஒலித்திராது.

கல்லறை வழக்குத் தீர்க்கும் இடமாகவும் இருந்தது. தம் மடத்தாருள் இருவர் ஒருவர்மேல் ஒருவர் பழி கூறியபோது, உண்மை அறியும் வழியின்றி, அகுஸ்தினார் அவ்விருவரையும் ஆப்பிரிக்காவினின்று கடல் கடந்து நோலாவுக்கே அனுப்பினார். கோயில் வாயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யும் நம் ஊர் வழக்கை இது நினைவூட்டும்.

நோலாவின் கதைக்கு உடன்பிறப்பாகிய கதை ஒன்று நம் தொண்டை நாட்டுக் கடற்கரையிலேயே வழங்கியது. மயிலாப்பூரில் திருத்தூதர் தோமையார் கொலையுண்டு அடக்கம் பெற்றார் என்பது பழைய மரபு. அவர் எலும்புகளை வணிகன் ஒருவன் எதெசா நகருக்குக் கொண்டு சென்றான் என்று 4ஆம் நூற்றாண்டுச் சிரியக் கவிஞர் எப்பிரேம் பாடினார். எகேரியா என்னும் பெண்பயணி 384இல் அங்குச் சென்று வணங்கினாள். எலும்பு சென்ற பின்னும் மயிலாப்பூர் வெறுமையாகவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கிறித்தவரும் முகம்மதியரும் அக்கல்லறைக்கு வருகின்றனர் என்றும், தோமையார் கொலையுண்ட இடத்து மண்ணைக் கொண்டுசென்று முறைக்காய்ச்சலுக்கு மருந்தாகத் தருகின்றனர் என்றும், அம்மண் செந்நிறமுடையது என்றும் குறித்துள்ளார். ஓரியூரின் செம்மண்ணுக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகள் முற்பட்ட செம்மண் இது.

அவர் கூறும் கதை வருமாறு. 1288இல் அந்நாட்டுத் தலைவன் ஒருவனுக்கு அரிசி பெருகி விளைந்தது. வைக்க இடம் போதாமையால், காப்போர் எவ்வளவோ மறுத்தும் கேளாமல், கல்லறைக்குரிய வீடுகள் அனைத்திலும் அதனை நிரப்பினான். வழிநடைக்கு வந்த அடியார் தங்க இடமில்லை. அன்றிரவு திருத்தூதர் கவைக்கோல் ஒன்றை ஏந்தித் தோன்றி, அதனை அவன் கழுத்தில் வைத்து, வீடுகளை ஒழித்துத் தாராவிட்டால் கொடுஞ்சாவு எய்துவாய் என்று அச்சுறுத்தினார். விடிந்ததும் அரிசி வெளியேறியது.

அத்தலைவன் கிறித்தவத்தை எதிர்த்தான் என்று கதை கூறவில்லை. அவன் செய்த பிழை, அடியார் தங்கும் இடத்தைத் தன் களஞ்சியமாக்கியதே. நோலாவில் ஏழையின் பங்கு. மயிலாப்பூரில் வழிப்போக்கனின் திண்ணை. கதை சொன்னவர்களுக்குள் எத்தொடர்பும் இல்லை, 900 ஆண்டு இடைவெளி, கடல்கள் பல. இருந்தும், தலத்தின் சட்டம் ஒன்றாகவே உள்ளது. தென்னேரியில் இருந்துகொண்டு இதனை எழுதுங்கால் ஓர் உவமை தோன்றுகின்றது. எங்கள் ஊருக்குப் பெயர் தந்த ஏரியைத் திரையன் ஏரி என்பர்; தொண்டைமான் இளந்திரையனோடு இணைத்துரைப்பர். ஏரி ஊர்ப்பொது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. மடையைத் திறக்கும் கை எவருடையது என்பதில்தான் வழக்கு. நீர்க்கட்டி நேர்மையுடையவனாயின் கடைமடைக்கும் நீர் சேரும். கல்லறையும் அத்தகையதே.

கதையில் கவைக்கோல் வந்தது. வரலாற்றில் அது எப்போதும் வரவில்லை.

இதனைத் தமிழகத்தில் காணுமுன், இலக்கிய வகை பற்றி ஒரு சொல். வீரமாமுனிவர் சூசையப்பரைப் பாட விருத்தத்தைக் கொண்டு தேம்பாவணி என்னும் பெருங்காப்பியம் செய்தார். கித்தேரியம்மாள் என்னும் கன்னி மறைசாட்சியைப் பாடும்போது அம்மானையைக் கைக்கொண்டார். இது தற்செயல் அன்று என்று கருதுகிறேன். அம்மானை மகளிர் ஆட்டத்தோடு பிறந்து, கதைப்பாடலாக வளர்ந்து, படிக்கத் தெரியாதவரும் கூடியிருந்து கேட்பதற்கென்று அமைந்த வடிவம். மறைசாட்சி யாருக்கு உரியவர் என்பதை அம்முனிவர் யாப்பினாலேயே காட்டிவிட்டார். பவுலினார் உழவனைக் கற்றோர் யாப்புக்குள் கொண்டுவந்தார். வீரமாமுனிவர் தம் கல்வியை உழவர்மனைப் பாட்டுக்குள் கொண்டு சென்றார். இரண்டனுள் எது அரிது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. எலும்பு வந்துசேராத ஊர்களுக்கு அம்மானை வந்துசேர்ந்தது. ஈழத்திலும் இவ்வாறே மறைசாட்சியர் கதைகள் கூத்தாக ஆடப்பட்டன. 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் மன்னாரில் ஏறத்தாழ 600 பேர் கொல்லப்பட்ட நினைவு அந்நாட்டுக் கத்தோலிக்கரிடம் இன்றும் வாழ்கின்றது.

ஓரியூருக்கு மீள்வோம். 1647இல் லிசுபனில் பிறந்த அருளானந்தர் 1673இல் இந்தியா வந்து, தமிழ்த் துறவிக்குரிய கோலம் பூண்டு உழைத்தார். தடியத்தேவர் என்னும் மறவர் தலைவர் அவரிடம் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை நீக்கினார். நீக்கப்பட்டோருள் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவள் முறையீடு கொலைக்குக் காரணமாயிற்று. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் வெட்டுண்டார். 1947இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். சூசன் பெய்லி 1989இல் வெளியிட்ட நூலில் தென்னாட்டுப் புனிதர் வழிபாட்டை அரசாட்சியோடும் வீர வழிபாட்டோடும் இணைத்து ஆராய்ந்துள்ளார். அவ்வாராய்ச்சி பயனுடையதே. ஆயினும் ஒன்றை ஊன்றி நோக்குக: கொலை ஆணை எவர் குடியிலிருந்து பிறந்ததோ, அக்குடியைச் சேர்ந்தோரும் அங்கு முடியிறக்குகின்றனர். நடுகல்லில் பகைவன் வந்து வணங்குவதில்லை. நீக்கப்பட்ட மனைவியர் என்ன ஆயினர் என்பதை அருளானந்தரைப் பாடியோர் கேட்பதில்லை என்பதையும் ஈண்டுக் குறித்தல் நேர்மை. அவர்களையும் கொலைகாரர் பக்கத்தே நிறுத்திவிட்டுக் கதை நடக்கின்றது. தலத்தின் பொதுமை அவர்களை எட்டவில்லை.

ஓரியூர் வழிபாட்டை நேரில் கண்டு ஆராய்ந்த செல்வா ராஜ், ஆடு வெட்டிய குடும்பத்தார் இடும் அசனத்திற்கு முதன்மை தந்து எழுதினார். உறவினரோடு, அங்கு வந்துள்ள ஏழையரும் அதில் உண்கின்றனர். நோலாவின் பன்றிக் கதையை இவ்விலைக்கு முன் அமர்ந்துதான் படிக்க வேண்டும். ஆனால் சேதுநாட்டின் எல்லாப் பந்தியும் எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததில்லை. அப்பகுதிச் சிற்றூர் ஒன்றின் புனிதர் விழாவைப் பல்லாண்டு ஆராய்ந்து 2012இல் நூல் வெளியிட்ட டேவிட் மாஸ், முதன்மரியாதை எவர்க்கு, பின்னே நிற்போர் எவர் என்னும் பூசலே விழாவின் வரலாறாக இருந்ததைக் காட்டியுள்ளார். தாழ்த்தி வைக்கப்பட்டோர் அவ்வரிசையை மாற்றப் போராடிய களமும் அவ்விழாவே.

வடக்கன்குளத்தில் இது சுவராகவே நின்றது. 1872இல் அங்கு எழுந்த கோயில், வேளாளர்க்கு ஒரு பகுதி, நாடார்க்கு ஒரு பகுதி என்று இரு கூறாக, இடையே சுவரோடு கட்டப்பட்டது. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்னும் நூலில் அதன் வரலாற்றை விரித்துரைத்துள்ளார். 38 ஆண்டுகள் நின்ற அச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. இடித்தவர் மானிடரே. பின்னர் எழுந்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சாதியால் இடவுரிமை கோரியோர் தோற்றனர்.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்ட பிள்ளை என்னும் திருவிதாங்கூர் அரசு அலுவலர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மார்த்தாண்டவர்மன் ஆட்சியில் சிறையும் சித்திரவதையும் உற்று, 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். (பெலிக்சின் நாளும் அதுவே. இன்று அது பொங்கலை ஒட்டி வருகின்றது. பஞ்சாங்கம் தானே செய்த ஒற்றுமை. இதற்குமேல் அதில் பொருள் காண நான் விரும்பவில்லை.) அவர் அடக்கம் பெற்ற இடம் கோட்டாற்றுச் சவேரியார் கோயில். உயர்ந்ததென்று கருதப்பட்ட சாதியிற் பிறந்தவர், தாழ்ந்தவரென்று ஒதுக்கப்பட்டோரோடு கலந்து பழகியதும் அவர்மீது கொண்ட சினத்திற்கு ஒரு காரணம் என்று மரபு கூறும். 2012இல் அருளாளராகவும் 2022 மே 15இல் புனிதராகவும் அவர் அறிவிக்கப்பட்டார். இடையே, 2020இல், அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்னும் சாதிப்பெயரை உரோமை நீக்கியது. நீக்குக என்று வேண்டியோரும் தமிழ்நாட்டவர்; நீக்கியது தவறு என்று வாதிட்டோரும் உளர். புனிதர் தம் சாதியைத் துறந்தார் என்பது ஒரு சாராரின் வழக்கு. பெயரை நீக்கின் அவர் துறந்தது எது என்பதே விளங்காமற் போகும் என்பது மறுசாராரின் வழக்கு. கல்லறையின் மடைக்கோலுக்கு நடந்த பூசல் இப்போது பெயரின் மூன்றெழுத்துக்கு நடக்கின்றது.

என் கருத்தைக் கேட்பின், வழிபாட்டில் அப்பெயர் நீங்கியமை முறையே. பொது இடத்தில் ஒரு குடியின் பெயரைப் பொறித்து வைத்தல், அடியார் வீட்டில் அரிசி நிரப்பியதை ஒக்கும். ஆனால் பதிப்புப் பணி வேறு. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் நெடுங்காலம் ஆடிவந்த கூத்து 'தேவசகாயம்பிள்ளை' என்றே பெயர் பெற்றது. ஏடுகளிலும் பழைய அச்சுநூல்களிலும் அப்பெயரே உள்ளது. இனி இவற்றைப் பதிப்பிக்க முற்படும் மாணவர் சிலர் தலைப்பைத் திருத்திவிடலாமா என்று என்னை வினவுவதுண்டு. திருத்தலாகாது. ஏட்டில் உள்ளவாறே பதிப்பித்து, 2020இல் நிகழ்ந்த மாற்றத்தை முன்னுரையில் ஆண்டோடு குறித்தல் வேண்டும். சுவர் இருந்தது என்பதைச் சுவர் இடிந்த பின்னும் படிப்போர் அறிதல் வேண்டுமன்றோ.